மேலிருந்து பார்க்கும் வசதி

என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியும். எனக்குக் காரில் உட்காரத் தெரியும். இந்த வேலைப் பிரிவினையில் எங்கள் குடும்பம் பெரிய சச்சரவு இல்லாமல் வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பின் பார்க்கிங்கில் மற்ற ஆண்கள் எல்லாம் வலது பக்கக் கதவைத் திறப்பார்கள். நான் இடது பக்கம் போய், டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் உள்ளிருந்து பூட்டைத் திறக்கும்வரை நிற்பேன். என்னை மெட்ரோ வாசலில் இறக்கிவிட்டு அவள் பள்ளிக்கூடம் போவாள். கணக்கு டீச்சர். வண்டி ஓட்டுவதும் கணக்குப் போடுவதைப் போலத்தான்; ஒரு படியையும் தாண்ட மாட்டாள், விடை சரியாக வந்துவிடும்.

நான் ஓட்டக் கற்றுக்கொள்ளாததற்குக் காரணம் பயம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெட்ரோ எஸ்கலேட்டரில் எந்தப் படியில் கால் வைப்பது என்று நான் முடிவெடுப்பதற்குள் பின்னால் பாதி தில்லி சேர்ந்துவிடும். குக்கர் விசில் அடிக்கும்போது சமையலறைக்குள் நிற்க மாட்டேன். அதற்காகச் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. புதிதாக எதையாவது கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வியாதி. கீபோர்டு கற்றேன், மேல் வீட்டுக்காரர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். நீச்சல் கற்றேன், முழங்கால் அளவுத் தண்ணீரில் எனக்கு நிகரான நீச்சல்காரர் கிடையாது. உருது எழுத்து கற்றுக்கொள்ளப் போய், என் பெயரை மட்டும் எழுதத் தெரிந்துகொண்டு திரும்பினேன்.

நிலைத்தது ஒன்றுதான். கதை எழுதுவது. கதையில் யாரும் நம் மேல் மோத மாட்டார்கள். மோதினாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல் மார்க்கெட் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் கதை படிக்கும் கூட்டம் நடக்கும். தில்லியில் தமிழில் எழுதுகிறவனுக்கு வாசகர் கிடைப்பது லேசில்லை. அதனால் எழுதுகிறவர்களே ஒருவருக்கொருவர் வாசகராக இருந்து சமாளிக்கிறோம். ஒருவர் மட்டும் விதிவிலக்கு. ராணுவத்தில் பெரிய வண்டிகள் ஓட்டி ஓய்வு பெற்ற வேலூர்க்காரர். எழுத மாட்டார், கேட்க மட்டும் வருவார். ஆகவே எங்களுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் நடுக்கம்.

போன குளிர்காலத்தில் அங்கே ஒரு கதை படித்தேன். நாமக்கல் லாரி டிரைவர் ஒருவன் முட்டை ஏற்றிக்கொண்டு தில்லி வருகிறான். வழி நெடுக, விட்டுப்போன காதலியை நினைத்து ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் அழுகிறான். நானே படித்து நானே தொண்டை அடைத்துப்போனேன். எல்லோரும் மரியாதையாக மௌனமாக இருந்தார்கள். வேலூர்க்காரர் வடையை விழுங்கிவிட்டுப் பேசினார்.

“கத நல்லா கீது சார். ஆனா உங்காளு நாமக்கல்ல வண்டிய எடுத்தவன், தில்லி வர்ற வரிக்கும் ஒருவாட்டி கூட கியர் மாத்தலியே. அவன் வண்டிய ஓட்றானா, இல்ல வண்டி மேல பறந்துகினே வர்றானா?”

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. அவர் சொன்னது சரி. அந்த லாரியில் கிளட்ச் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள லாரி ஏறும் தைரியமும் கிடையாது. அப்போதுதான் மகளுடைய அறையில் தூசி படிந்து கிடந்த சக்கரம் கண்ணில் பட்டது.

மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். காலேஜில் படிக்கும்போது கம்ப்யூட்டரில் கார், லாரி ஓட்டும் விளையாட்டுகளில் பைத்தியமாக இருந்தாள். மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற ஸ்டீயரிங், தரையில் வைக்கிற பெடல்கள், பக்கத்தில் ஒரு கியர் கம்பு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். போனில் கேட்டுக் கேட்டு அதையெல்லாம் இணைத்தேன். லாரி விளையாட்டு. ஐரோப்பா முழுக்கச் சரக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். முதல் பயணத்தில் ஒரு பாலத்தை முட்டினேன். உயிர் போகவில்லை. ஸ்டீயரிங்கில் இடது கட்டைவிரல் பக்கம் ஒரு பொத்தான். அமுக்கினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. வாழ்க்கையில் நான் தேடிக்கொண்டிருந்த பொத்தான் அதுதான்.

கதைக்கு ஆராய்ச்சி என்றுதான் தொடங்கினேன். சில வாரங்களில் ஆராய்ச்சி இருந்தது, கதை இல்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் காலைக் கழுவி, காபி குடித்து, சீஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்த என் மனைவி, கோயம்புத்தூர்க்காரி, ஒரு நாள் சொன்னாள்:

“ஆபீசுல ஒரு ஃபைலு நகர மாட்டீங்குது. இங்க சீஸ் மட்டும் டைமுக்குப் போயிருதுங்க.”

சனிக்கிழமை காலைகளில் மகளும் புனேயிலிருந்து விளையாட்டில் சேர்ந்துகொள்வாள். அவள் லாரி முன்னால், என் லாரி பின்னால், காதில் ஹெட்ஃபோன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தில்லியில் பிறந்த பிள்ளை. அதனால் நீளமான சாலை வந்தால் நான் என் கதைகளை அவளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். என் எழுத்தின் ஒரே குடும்ப வாசகி அவள்தான், அதுவும் காதால். லாரி டிரைவர் கதையைக் கேட்டுவிட்டு, “உங்க ஹீரோ ஏம்ப்பா எப்பவும் ரோனா தோனா, அழுதுட்டே இருக்கான்” என்று அலுத்துக்கொண்டாள். என் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “அச்சா ஹை” என்றாள். யோசித்துச் சொன்ன பாராட்டை நம்பக் கூடாது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை எல்லாம் தமாஷ்.

அந்தக் குளிர்காலத்தில் என் மனைவி அடிக்கடி புகையைத் திட்டிக்கொண்டிருந்தாள். தில்லியில் நவம்பரிலிருந்து எல்லோரும் புகையைத்தான் திட்டுவார்கள். அதில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. எதிர்வண்டி விளக்குகளைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, புகை என்றாள். கரும்பலகையின் மேல் வரி கலங்குகிறது, வகுப்புக்குள்ளேயே புகை வந்துவிட்டது என்றாள். நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். புகை ஒரு நல்ல சாக்கு; நானே அலுவலகத்துக்குப் போகாமலிருக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

பிப்ரவரிக் கடைசியில் இரவெல்லாம் மழை பெய்தது. காலையில் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. எங்கள் பால்கனியிலிருந்து தூரத்துக் கட்டிடங்களின் ஜன்னல்களைக்கூட எண்ணலாம். இரண்டு பேரும் காபியோடு நின்றோம்.

“இன்னும் புகை போகலீங்க பாருங்க,” என்றாள்.

நான் தூரத்து ஜன்னல்களை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று அவள் காரை எடுக்க நான் விடவில்லை. சண்டை போட்டாள். போன வாரம் பள்ளிக்கூட வளைவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா எங்கிருந்தோ திடீரென்று வந்துவிட்டது என்று சொல்லியிருந்தாளே, அது எங்கிருந்தும் திடீரென்று வரவில்லை, அங்கேதான் இருந்தது என்று நான் சொன்னதும் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

துவாரகாவில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். புரை. சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் இந்த வயதிலேயே வந்துவிட்டது, வலது கண்ணில் நன்றாக வளர்ந்திருக்கிறது, இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம், முற்றவிட்டால் எடுப்பது சிரமம், சீக்கிரம் செய்துவிடலாம், அதுவரை கார் ஓட்ட வேண்டாம் என்றார். எல்லாவற்றுக்கும் அவள் நல்ல மாணவியைப் போலத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நிபந்தனை போட்டாள்.

“பண்ணிக்கலாமுங்க. ஆனா கண்ணக் கட்டிக்கிட்டு, எவனோ கண்ணுமண்ணு தெரியாம ஓட்டற டாக்ஸில நான் வர மாட்டேன். என்ற வண்டிலதான் வரோணும். நீங்கதான் ஓட்டோணும். நீங்க லைசென்ஸ் வாங்குங்க, அடுத்த நாளே ஆபரேஷன வச்சுக்கலாம்.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நம்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று கண் கலங்கினேன். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு அது என்பது புரியக் கொஞ்சநாள் ஆயிற்று.

எழுதும் தேர்வில் லேசாகத் தேறிக் கற்றுக்கொள்கிறவருக்கான லைசென்ஸ் வாங்கினேன். பிறகு டிரைவிங் ஸ்கூல். சொல்லிக்கொடுப்பவர் ஹரியானாக்காரர். பக்கத்து இருக்கையில் அவருக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். எப்போதும் போனில் யாருடைய கல்யாணத்துக்கோ பந்தல்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருப்பார். நான் பதறும்போது மட்டும் போனைக் கொஞ்சம் விலக்கி, “அங்கிள்ஜி, டென்ஷன் மத் லோ” என்பார். அந்தக் காரை ஓட்டியது நானா அவர் காலா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. குடியிருப்பு வாசலைத் தாண்டியதும் என் கை தானாகவே காரை வலது பக்கத்துக்குக் கொண்டுபோயிற்று. ஐரோப்பாவில் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். குளிர்காலம் முழுக்க சீஸ் ஏற்றிப் பழகிய கை. எதிரே வருகிற முதல் ஆள் என்னை அடிக்கப்போகிறான் என்று கண்ணை மூடத் தயாரானேன். எதிரே ஒரு ஈ-ரிக்‌ஷா, ஒரு கேஸ் சிலிண்டர் வண்டி, காய்கறி ஏற்றிய ஒரு ஸ்கூட்டர் வந்தன. எல்லாமே அவரவர் இஷ்டத்துக்கு ஒரு பக்கத்தில் வந்தன. எனக்கு மரியாதையாக வழிவிட்டுப் போயின. யாருமே திட்டவில்லை. வாத்தியார் பந்தல் பேரத்திலிருந்து தலைதூக்கவே இல்லை. தில்லியில் தவறான பக்கம் ஓட்டி மாட்டிக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் தேர்வு நடக்கும் மைதானம் தில்லியில் இருந்தாலும் தில்லிபோல இல்லை. அங்கே மனிதர் மதிப்பெண் போடுவதில்லை. பாதையெங்கும் கேமரா, விளிம்பெங்கும் சென்சார். எட்டு போட வேண்டும், வளைந்த பாதையில் பின்னால் வர வேண்டும், ஓரக்கோட்டைத் தொட்டால் தோல்வி. வாத்தியார் உள்ளே வரக் கூடாது என்றார்கள். அவருடைய கால் இல்லாமல் நான் அந்தக் காரில் உட்கார்ந்தது அன்றுதான்.

எட்டு எப்படியோ போட்டேன். ஆறோ ஒன்பதோ மாதிரி இருந்தாலும் யந்திரம் ஏற்றுக்கொண்டது. ரிவர்ஸ் போட்டதும்தான் எனக்கு விளங்கியது: விளையாட்டில் நான் ஒரு தடவைகூட வண்டிக்குள்ளே இருந்து ஓட்டியதில்லை. முதல் நாளே ஒரு பொத்தானைத் தட்டி வைத்து, வானத்தில் மிதக்கும் பருந்து மாதிரி, மேலிருந்து வண்டியைப் பார்த்துக்கொண்டுதான் நகர்த்தியிருக்கிறேன். இங்கே மேலே கூரைதான் இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அதில் என் முகம்தான் பெரியதாகத் தெரிந்தது, வேர்த்து வழிந்துகொண்டு. பின்சக்கரம் கோட்டில் ஏறியதும் சென்சார் கீச்சிட்டது. உடனே என் இடது கட்டைவிரல், எந்த உத்தரவும் இல்லாமல், ஸ்டீயரிங்கில் அந்தப் பொத்தானைத் தேடி அமுக்கியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பொத்தான்.

அந்தக் காரில் அந்த இடத்தில் ஹார்ன் இருந்தது.

அமுக்கினேன். ஒன்றும் மறுபடி தொடங்கவில்லை. விடாமல் அமுக்கினேன். மைதானம் முழுக்க அடித்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அதிகாரி ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். முன்னால் யாருமே இல்லையே, யாருக்கு ஹார்ன் அடிக்கிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். பதில் சொல்வதாக இருந்தால் ஐரோப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சொன்னேன். அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். வாடவில்லை. பரவாயில்லீங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம், அவசரம் என்ன கெடக்குது என்றாள். சமையலறைக்குப் போனாள். வெங்காயம் நறுக்கும் சத்தம். பஜ்ஜி. கூடவே வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பு.

நான் சோபாவில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதில் நான் தேர்ந்தவனோ இல்லையோ, பயத்தில் எனக்குப் பிறவி முதல் சர்வீஸ். பல் டாக்டர் லீவு என்று போர்டு பார்த்துத் திரும்பி வருகிறவன் இப்படித்தான் பாடுவான். அந்தப் பாட்டை நான் எத்தனையோ தடவை பாடியிருக்கிறேன். இவன் இந்த ஜென்மத்தில் லைசென்ஸ் வாங்க மாட்டான், ஆபரேஷனும் இந்த ஜென்மத்தில் வராது. கணக்கு பிசகாமல் போட்டிருக்கிறாள்.

சமையலறை வாசலில் போய் நின்று, பயமா என்று கேட்டேன்.

கரண்டியை எண்ணெயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டேதான் கத்திய வெப்பாங்களாமா. மயக்க மருந்தெல்லாம் இல்லியாமா. ஸ்டாஃப் ரூமுல சொன்னாங்க.”

ரிங் ரோட்டில் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போகிறவள். நான் அதுவரை அவள் பயந்து பார்த்ததில்லை.

“பயப்படறது என்னோட டிபார்ட்மெண்ட்,” என்றேன். “நீ ஏன் அதுல கைய வைக்கறே? உனக்கும் சேத்து நான் பயந்துக்கறேன். எனக்குப் பழக்கம்.”

சிரித்தாளா, புகையில் கண்ணைத் துடைத்தாளா தெரியவில்லை. பஜ்ஜி கருகிவிட்டது. நீங்க மொதல்ல பாஸ் பண்ணுங்க என்று மட்டும் சொன்னாள். ஆனால் குரலில் அந்தப் பழைய நிம்மதி இல்லை. இவன் பாஸ் பண்ணினாலும் பண்ணிவிடுவானோ என்ற சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மகளிடம் ஹார்ன் கதையைச் சொன்னேன். ஹெட்ஃபோனில் வெகுநேரம் அவள் சிரிப்புதான் கேட்டது. அவள் லாரி அதற்குள் ஒரு வேலியில் போய் முட்டியிருந்தது. பிறகு, “அரே அப்பா, நீங்க எப்பவும் மேல இருந்தே பாக்கறீங்க. அந்தர் உக்காந்து ஓட்டுங்க. டிரைவர் சீட்ல,” என்று சொல்லி, உள்ளே உட்காரும் பொத்தான் எது என்று காட்டிக்கொடுத்தாள். அதோடு விளையாட்டில் இங்கிலாந்துக்குப் போய்விடுங்கள், அங்கே நம்மூர் மாதிரி இடது பக்கம் ஓட்டலாம் என்றாள். இதை ஏன் குளிர்காலத்திலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க ஸ்டோரிக்குன்னு சொன்னீங்க. சச்முச், நெஜமாவே ஓட்டப்போறேன்னு எப்பச் சொன்னீங்க?” நியாயம்தான்.

லாரிக்குள் முதன்முறையாக உட்கார்ந்தேன். எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று ஆச்சரியமாக இருந்தது. பாதி உலகம் முன்கண்ணாடியின் ஓரக் கம்பத்துக்குப் பின்னால் மறைந்துபோகிறது. மற்ற பாதியைச் சின்னக் கண்ணாடித் துண்டில் தேட வேண்டியிருக்கிறது. பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத்தான் வர வேண்டும். என் முட்டை லாரி டிரைவரை நினைத்துக்கொண்டேன். பாவம், இவ்வளவு வேலை இருக்கிறவனை நான் அழச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வாரமே கதையைத் திரும்ப எழுதினேன். காதலி போய்விட்டாள். அவன் ஒரு குறுகலான சந்தில் லாரியைப் பின்னால் எடுக்கிறான், அவ்வளவுதான் கதை. கோல் மார்க்கெட் கூட்டத்தில் படித்ததும் வேலூர்க்காரர் தலையை ஆட்டினார். “இப்பத்தான் சார் உங்காளு சீட்ல உக்காந்துகீறான்,” என்றார். எனக்கு எந்தப் பரிசும் அந்த அளவு இனித்ததில்லை. எனக்கு எந்தப் பரிசும் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிறு காலைகளில் குடியிருப்பின் உள்சாலைகளில் எங்கள் காரையே எடுத்துப் பழகினேன். பக்கத்தில் அவள். கண் சரியில்லாதவள் வழி சொல்ல, கை சரியில்லாதவன் ஓட்டிய அந்தக் காட்சியைக் காவல்காரர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பார்த்தார்கள். அவள் இருக்கைக்குக் கீழே பிரேக் கிடையாது. இருந்தும் அவள் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருக்கும். மிதியடி அந்த இடத்தில் குழிந்துவிட்டது.

ஒரு நாள் வண்டியைத் துடைக்கிறேன் என்று சாவியை வாங்கிப் போய், பார்க்கிங்கிலேயே கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். தூண் ஒன்று நகர மறுத்தது. இடது பின்கதவில் ஒரு கோடு, கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை, நல்ல வெள்ளையாக. எனக்கு உயிர் போய்விட்டது. இந்தக் காரில் காக்கை எச்சமிட்டாலே காலையில் விசாரணைக் கமிஷன் வைக்கிறவள். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். கதை எழுதுகிறவன், நான்கைந்து பொய்கள் நன்றாகவே வந்தன.

மறுநாள் காலை அவள் காரைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத் தோழியின் வண்டிக்குப் போனாள். கோட்டின் பக்கமாகவே போனாள். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று முதலில் எனக்கு ஒரே கொண்டாட்டம். போகப் போகக் கொண்டாட்டம் வடிந்துவிட்டது. தினமும் பால்கனியில் நின்று, அவள் அந்தக் கதவைக் கடக்கிற நேரத்துக்குக் காத்திருப்பேன். இன்றைக்காவது திட்ட மாட்டாளா என்று இருக்கும். என் கையிலிருந்த பொய்கள் எல்லாம் வீணாகிக்கொண்டிருந்தன. இடது கண்ணும் மங்குகிறதோ என்ற நினைப்பு வந்த அன்று, மறுதேர்வுக்கு நாள் வாங்கிவிட்டேன்.

மறுதேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளே உட்கார்ந்து ஓட்டினேன். பின்னால் வரும்போது கண்ணாடியில் என் முகத்தை விட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் கட்டைவிரல் மெல்ல ஹார்னை நோக்கி நகர்ந்தது. அதை மற்ற விரல்களால் பிடித்துவைத்துக்கொண்டேன். திரையில் பாஸ் என்று வந்தபோது அதே அதிகாரி வெளியே வந்தார். ஹார்ன் அங்கிள் ஹார்ன் அடிக்காமல் முடித்துவிட்டார் என்று வரிசையில் இருந்தவர்களுக்கு அறிவித்தார். அவர்கள் கை தட்டினார்கள். என் கால் நடுங்கிய நடுக்கத்தில் கிளட்ச்சிலிருந்து எடுக்கவே முடியவில்லை. தேர்வு முடிந்தபிறகு நடுங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவளிடம் சொன்னேன். பஜ்ஜி போடவில்லை. உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சநேரம் கழித்து, “செரி, நாளு குறிச்சிருங்க,” என்றாள். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், கணக்கு டீச்சர்.

கோடை விடுமுறையில் ஆபரேஷன். துவாரகா வரை ஓட்டினேன். காலை வெயிலில் ரிங் ரோடு, தௌலா குவான் மேம்பாலம், எல்லாம் எப்படிக் கடந்தன என்று நினைவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். ஆஸ்பத்திரியில் கண்ணில் மருந்து விடும் அறையில் இருவரையும் உட்கார வைத்தார்கள். அவளுக்கும் சேர்த்துப் பயப்படுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, அதை முழுமனதோடு செய்துகொண்டிருந்தேன். வேர்த்து, வாய் உலர்ந்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு. நர்ஸ் வந்தாள். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். நேராக என்னிடம் வந்து, என் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைத் திறக்கச் சொன்னாள். நானும் திறந்தேன். எதிர்க்கும் நிலையில் நான் இல்லை.

“சிஸ்டர், பேஷண்ட் மை ஹூம்,” என்றாள் என் மனைவி, தன்னைக் காட்டி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸும் சிரித்தாள். பச்சை அங்கி மாட்டி உள்ளே அழைத்துப் போகும்போதும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கதவு மூடியபிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்சநேரம் கேட்டது. அதன்பிறகு நான் கேட்ட எதுவும் நினைவில்லை, டாக்டர் வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னதைத் தவிர.

திரும்பும்போது அவள் இடது பக்கம் உட்கார்ந்தாள், வலது கண்ணில் கட்டோடு. தௌலா குவானில் எந்த வளைவில் இறங்குவது என்று குழம்பி, ஒன்றில் இறங்கி, அது ஏறி, வந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. மறுபடி இறங்கினேன். அவள் திறந்திருந்த கண்ணால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இந்த வேப்ப மரத்த முன்னாடியே பாத்தமுங்களே.”

“வேற மரம்,” என்றேன்.

“செரிங்க,” என்றாள். இன்னொரு சுற்றுக்குப் பின் அந்த மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டாள். எப்போதுமே இல்லாத அதிசயமாக அவள் கால் தரையை அமுக்கவில்லை. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை; அவளாகவே சொன்னாள், ஒரு கண்ணை மூடினால் பயமும் பாதியாகிவிடுகிறதாம்.

பார்க்கிங்கில் பின்னால் எடுத்தபோது, காவல்காரர், கார் துடைக்கிறவர், சும்மா நடந்துபோன ஒரு தாத்தா, எல்லோரும் வந்து நின்று “ஆனே தோ, ஆனே தோ”, வரட்டும் வரட்டும் என்று வழி காட்டினார்கள். தில்லியில் யார் காரைப் பின்னால் எடுத்தாலும் அக்கம்பக்கம் கூடிவிடும். அந்தத் தூணுக்குக் கையளவு இடம் விட்டு நிறுத்தினேன். நான் எழுதிய எந்தக் கதையும் அவ்வளவு சரியாக முடிந்ததில்லை.

மறுநாள் மறுபடி துவாரகா. கட்டைப் பிரித்தார்கள். அவள் கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தாள். என்னைப் பார்த்து, இந்தச் சட்டை நீலமா, நான் சாம்பல்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் என்றாள். இன்னும் சில மாதங்களில் அடுத்த கண்ணையும் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டினாள், இந்தத் தடவை நிபந்தனை எதுவும் போடாமல்.

வெளியே வெயில். நான் முன்னால் போய் வலது கதவைத் திறந்து, இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடியைப் பார்த்து, எல்லாம் முடித்துக் காத்திருந்தேன். அவள் ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இடது பின்கதவுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். விரலைக் கைப்பிடியில் வைத்து, மெல்ல இழுத்துக்கொண்டே சக்கரம் வரை வந்தாள்.

“ஏனுங்க,” என்றாள். “கொஞ்சம் எறங்கி வாங்க.”

என்னிடம் நான்கைந்து நல்ல பொய்கள் தயாராக இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். அவள் திட்டத் தொடங்கினாள். பெயிண்ட் விலை, என் புத்தி, என் பரம்பரை, ஐரோப்பா, சீஸ் என்று வரிசையாகப் போனாள், ஒரு படியும் தாண்டாமல். ஆஸ்பத்திரி வாசல் காவல்காரர் எட்டிப் பார்த்தார். நான் காரில் சாய்ந்துகொண்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே நின்றேன். எத்தனையோ நாள் கழித்து எனக்கு மூச்சு முழுசாக வந்தது.

“நல்லாத் தெரியுதா?” என்று கேட்டேன்.

“ரொம்ப நல்லாத் தெரியுதுங்க,” என்றாள். “இங்க தூணு பெயிண்ட்டு கூட ஒட்டியிருக்குது.”